வனத்து அந்தோணியார்

எகிப்து நாட்டில் ஏறத்தாழ கி.பி. 251-ஆம் ஆண்டு செல்வமிக்க கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் புனித அந்தோணியார். பதுவை நகர அந்தோணியாரினின்றும் வேறுபடுத்த, தமிழ்க் கத்தோலிக்கர் இவரை வனத்து அந்தோணியார் என்பர்.

அவருக்கு இருபது வயது ஆகும் தறுவாயில் பெற்றோர் காலமாயினர். நிலபுலன்களையும் இளம் தங்கையையும் பேணும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. ஆறு மாதங்களுக்குள், ஒருநாள் அவர் ஆலயத்தினுள் நுழைந்தபோது, உடைமைகளை விற்று ஏழைகளுக்கு வழங்கிவிட்டுத் தம்மைப் பின்பற்றுமாறு ஒரு செல்வந்த இளைஞனை இயேசுபிரான் அழைத்த பகுதி வாசிக்கப்பட்டது. அது தமக்கே சொல்லப்பட்டதாக அவர் உணர்ந்தார். நிலங்களை ஊராருக்கு அளித்தார். பொருள்களை விற்று ஏழைகளுக்கு ஈந்தார். தங்கையைத் துறவு மகளிரிடம் ஒப்படைத்தார்.

அண்டை ஊரில் வாழ்ந்த முதிய தவசி ஒருவரைப் பார்த்து அவர் சாதனை பயின்றார். கையால் உழைத்தார், கிடைத்த ஊதியத்தில் தம் ரொட்டிக்குப் போக எஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்தார். நாளுக்கு ஒருமுறை, அதுவும் கதிரவன் மறைந்த பிறகே உண்பார். சில வேளைகளில் இரண்டு நாள்களுக்கு ஒருமுறை. பல வேளைகளில் நான்கு நாள்களுக்கு ஒருமுறை. உணவு ரொட்டியும் உப்பும். பருகியது தண்ணீர் மட்டுமே. உடலின்பங்கள் மெலியுமிடத்து ஆன்மா வலுப்பெறும் என்பதே அவரது துணிபு.

பின்னர், பாழடைந்த கோட்டை ஒன்றினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டார். ஆண்டுக்கு இருமுறை மட்டும் ரொட்டி கூரைவழியே அவரைச் சேர்ந்தது. இவ்வாறு சுமார் இருபது ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 305-ஆம் ஆண்டளவில் அன்பர்கள் கதவைப் பெயர்த்தபோது, எலும்பும் தோலுமான ஓர் உருவத்தை எதிர்பார்த்தவர்கள் வியந்து நின்றனர். அவர் உடல் பருக்கவுமில்லை, நோன்பினால் நலியவுமில்லை. முகத்தில் சஞ்சலமும் இல்லை. கூட்டத்தைக் கண்டு பூரிப்பும் இல்லை.

அவரைச் சுற்றிச் சீடர் திரண்டனர். அவர்களுள் சிலர் உடலை வருத்துவதையே தவம் என மயங்கினர். விவேகமற்ற உபவாசம் இறைவனிடமிருந்து விலக்கியே வைக்கும் என அவர் எச்சரித்தார். ஒருமுறை அவர் சீடரோடு மகிழ்ந்து உரையாடுவதைக் கண்ட வேடன் ஒருவன் முகம் சுளித்தான். வில்லை மேலும் மேலும் வளைக்குமாறு அவர் அவனைப் பணித்தார். முறிந்துவிடுமே என அவன் அஞ்சியபோது, சாதகர்களின் நிலையும் அதுவே எனத் தெளிவுறுத்தினார்.

உண்ணும் வேளையில் அழிவற்ற ஆன்மாவை நினைத்து அவருக்கு நாணம் மேலிடும். எனினும் சகோதரர்களின் நலம் கருதிப் பலமுறை அவர்களுடன் அமர்ந்து உண்டார். முதுமையில், செங்கடலை அடுத்த மலையடியில் தமக்கென்று தானியம் பயிரிட்ட அவர், களைத்து வரும் விருந்தினருக்காகக் காய்கறியும் வளர்த்தார்.

கி.பி. 356-இல், நூற்றைந்து வயதில் இறைவனடி சேர்ந்தார் என்று அவரது சரிதத்தை எழுதிய ஆயர் அத்தனாசியார் குறிக்கிறார். இச்சரிதத்தின் செய்தியே கி.பி. 386-இல் மிலான் நகரில் அகஸ்டினாரின் உள்ளத்தை உலுக்கியது.

உபவாசம் என்னும் சொல்லுக்கு அருகில் வசித்தல் என்று பொருள். வயிறு வெறுமையாக இருந்தும் மனம் இறைவன் அருகில் இல்லையேல் அது வெறும் பட்டினி. நம் நோன்பு நம்மை அவரருகே அமர்த்துகிறதா என்பதை நாமே ஆராய்ந்து காண்போமாக.