மாண்டலின் ஸ்ரீநிவாஸ்

கிதாரை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆண்டு விழா மேடையில் அதன் ஒலி எழுந்ததும் நம் கால்கள் தாமாகவே தாளம் போடத் தொடங்கிவிடும். அந்தக் கிதாருக்குத் தங்கை போன்ற சின்னஞ்சிறு வாத்தியம் ஒன்று உண்டு. அதுதான் மாண்டலின். இத்தாலி நாட்டில் பிறந்து, நம் நாட்டில் சினிமாப் பாட்டுக்கும் மெல்லிசைக்கும் துணையாக ஓரத்தில் ஒலித்து வந்த அதனைக் கர்நாடக இசை மேடையின் நடுவிலே அமர்த்தியவர் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ்.

ஆந்திர மாநிலத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்திலுள்ள பாலகொல்லு என்னும் ஊரில் 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தை சத்தியநாராயணா கிளாரினெட் கலைஞர். (நம் பர்கூர்ப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட்டுக்காரர் ஊதுகிறாரே, அந்த வாத்தியந்தான்!) வீட்டிலிருந்த மாண்டலினைச் சிறுவன் எடுத்து மீட்டினான். பிள்ளையின் திறமையைக் கண்ட தந்தை, தம் குருவாகிய ருத்ரராஜு சுப்பராஜுவிடமே அவனை ஒப்படைத்தார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான அந்தக் குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! அவர் பாடுவார், கேட்டதை மாணவன் தந்தியில் கொண்டுவர வேண்டும். விரலை எங்கே வைப்பது, எப்படி இழுப்பது என்று காட்ட ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, பிற்காலத்தில் அவருடைய வாசிப்பு ஒருவர் பாடுவதைப் போலவே இருந்தது.

தடை வேறொன்றும் இருந்தது. கர்நாடக இசைக்கு உயிர் கமகம். ஸ்வரத்தை அசைத்து, வளைத்து, நீட்ட வேண்டும். மாண்டலினிலோ இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். வளைப்பது கடினம், ஒலியும் மீட்டியவுடன் அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விலக்கி ஒற்றைத் தந்திகளாக ஐந்தை வைத்துக்கொண்டார். மின்சார மாண்டலினாக்கி ஒலிபெருக்கியில் இணைத்ததும் ஒலி நீண்டது. மின்சார வாத்தியத்தில் தியாகராஜர் கீர்த்தனையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களோடு அவர் வாதாடவில்லை, வாசித்தார்.

1978இல் குடிவாடாவில் தியாகராஜ உற்சவத்தில் முதற் கச்சேரி. வயது ஒன்பது! 1981இல் சென்னை ரசிகர்கள் கேட்டனர். 1983இல் பெர்லின் நகர ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்குப் பதினான்கு வயது. நம்மில் ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்களின் வயது!

வெளிநாட்டுக் கிதார் கலைஞர்களுக்கும் அவர் நெருங்கிய தோழரானார். கனடாவின் மைக்கேல் புரூக்குடன் சேர்ந்து 1995இல் ‘ட்ரீம்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் ராக்-ஜாஸ் குழுவை 1971இல் தொடங்கிப் புகழ்பெற்ற கிதார் மேதை ஜான் மெக்லாக்ளின், பின்னர் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் ஸ்ரீநிவாஸைச் சேர்த்துக்கொண்டார். கிதாரும் மாண்டலினும் மாறி மாறிக் கேள்வி கேட்க, ஜாகிர் உசேனின் தபலாவும் செல்வகணேஷின் கஞ்சிராவும் உடன் ஓட, அந்த மேடைகளைக் கேட்டவர்கள் பாக்கியசாலிகள். ஒலிநாடாவில் கேட்ட நாமும் ஒருவாறு பாக்கியசாலிகளே.

1998இல் பத்மஸ்ரீ விருது வந்தது. தம்பி ராஜேஷுக்குத் தாமே குருவாகி, மேடையில் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கச் செய்தார். கல்லீரல் நோயால் அவதியுற்று, மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் தேறாமல், 2014 செப்டம்பர் 19ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்துதான்.