அறிஞர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்

காவிரி பாய்ந்து நெல் கொழிக்கும் தஞ்சைத் தரணிக்கு நெடுங்காலமாக ஒரு தீராத் துயரமும் இருந்தது. அதுவே யானைக்கால் நோய். கும்பகோணத்தின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அளவுக்கு அந்நோய் அங்கு வேரூன்றியிருந்தது. அதற்கு மருந்து கண்ட குழுவின் தலைவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர் என்பதை நம்மில் பலர் அறியார். அவரே டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையோடு போராடிச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று, அறுவைக் கூடத்திலும் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. 'ஸ்ப்ரூ' என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார்.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு புரிந்தார். 1940இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு இவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாகவும் அமைந்தது.

இவர்தம் பணியின் முழுப் பயனை உணர, உடலின் காவலை அறிதல் வேண்டும். நம் குருதியில் உலவும் டி செல்கள் நெஞ்சறையிலுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலையே தாக்க முனைவனவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. எஞ்சியவற்றுள் சில, ஒருமுறை கண்ட கிருமியைப் பல்லாண்டு நினைவிற் கொள்கின்றன. அழிவுக்குத் தப்பிய முரட்டுச் செல்களை அடக்கவென்றே வேறுசில டி செல்களும் உள. இவ்வுண்மையை நிலைநாட்டிய மூவருக்கே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. படைத்தவன் காவலையும் வைத்தான். காவலுக்குக் கட்டுப்பாட்டையும் வைத்தான்.

யானைக்கால் புழு இக்கட்டுப்பாட்டையே தனக்கு அரணாக்கிக் கொள்கிறது. அடக்கும் செல்களைப் பெருக்கிப் பல்லாண்டு உடலில் தங்குகிறது. 1947இல் சுப்பாராவின் குழு வெளியிட்ட டைஎத்தில்கார்பமசைன் என்னும் மருந்து, சோதனைக் குழாயில் அப்புழுவின் குஞ்சுகளைப் பெரிதும் வருத்துவதில்லை. உடலினுள்ளோ அவற்றைக் காவற்செல்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. பிற்காலத்தில் சுகாதாரப் பணியாளர் வீடுதோறும் வழங்கிய மாத்திரை இதுவேயாம்.

காவல் எல்லை மீறினாலோ சொந்த மூட்டுகளையே தாக்கும் முடக்குவாதம் தோன்றும். ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்துகளையும் அக்குழு ஆக்கித் தந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு 1948இல் அவற்றின் பயன் வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்றான மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒருமுறை சிற்றளவில் உட்கொள்ளப்பட்டு இன்று முடக்குவாதத்தைத் தணிக்கிறது. அடங்கிய காவலை எழுப்பவும் மீறிய காவலை அடக்கவும் ஒருவர்தம் ஆய்வுக்கூடமே வழி காட்டியது.

தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் நியூயார்க்கில் அவர் மறைந்தார். அவர்தம் நூற்றாண்டான 1995இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. மருந்துச் சீட்டில் அவர் பெயர் இராது. ஆயினும் வயல்வரப்பில் வீக்கமின்றி நடக்கும் கால்களும், வலி தணிந்து நாற்று முடியும் விரல்களும் அவருக்குக் கடன்பட்டவை. குறைந்த பட்டம் கிடைத்ததற்காகக் கல்வியைக் கைவிடாத அவ்வுள்ளத்தை நம் மாணவச் செல்வங்கள் நெஞ்சில் இருத்துவார்களாக!