நொதியின் உருவை வரைந்த அடிலெய்டு விஞ்ஞானி

உயிரியல் பாடநூல்களில் என்சைம் எனப்படும் நொதியைப் பூட்டாகவும், அது செயல்படும் பொருளைச் சாவியாகவும் காட்டுவது வழக்கம். ஜெர்மனியின் எமில் பிஷர் 1894-ம் ஆண்டில் முன்வைத்த உவமை இது. ஆனால் ஒரு நொதியின் உண்மையான உருவத்தை உலகம் காண மேலும் 71 ஆண்டுகள் ஆயின. அதற்கு வழிவகுத்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த வில்லியம் லாரன்ஸ் பிராக்.

1890-ம் ஆண்டு அடிலெய்டில் பிறந்தவர் பிராக். தந்தை வில்லியம் ஹென்றி பிராக் அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர்; தாய் குவெண்டலின் நீர்வண்ண ஓவியர். இருவரின் திறமையும் மகனிடம் சேர்ந்திருந்தன. 1909-ல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது.

படிகத்தின் மீது பட்டுத் திரும்பும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, அதனுள் அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள விதத்தைக் கணக்கிடும் விதியை 1912-ல் பிராக் கண்டறிந்தார். 1915-ல் தந்தையும் மகனும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது மகனுக்கு வயது 25. அதே ஆண்டில் அவரது தம்பி ராபர்ட் கலிப்பொலி போர்முனையில் உயிரிழந்தார்.

பிராக்கின் வாழ்வில் தோல்வியும் உண்டு. புரதச் சங்கிலி எவ்வாறு சுருளும் என்பதற்கான மாதிரிகளை அவர் 1950-ல் பெரூட்ஸ், கெண்ட்ரூ ஆகியோருடன் இணைந்து வெளியிட்டார். அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பு தட்டையானது என்பதை அவர்கள் கருத்தில் கொள்ளவில்லை. அதைக் கணக்கில் கொண்ட அமெரிக்காவின் லைனஸ் பாலிங் குழுவினர் 1951-ல் சரியான சுருளை வெளியிட்டனர்.

சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்பதை 1963-ல் வரைபடமாக்கியது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தலைமையில் இயங்கிய குழு. பிராக் தலைமை வகித்த கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் 1940-களின் இறுதியில் பணிபுரிந்தவர் ராமச்சந்திரன். புரதங்களின் கட்டமைப்பு சரிதானா என்பதைச் சோதிக்க இன்றும் அந்த வரைபடம் பயன்படுகிறது.

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு பிராக் தலைமை வகித்த காலத்தில், 1965-ல், டேவிட் பிலிப்ஸ் குழுவினர் லைசோசைம் நொதியின் கட்டமைப்பைக் கண்டறிந்தனர். கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக் கருவிலும் உள்ள இந்நொதி, பாக்டீரியாக்களின் செல் சுவரை உடைக்கிறது. முட்டை லைசோசைமின் 129 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி மடிந்து செல்லும் பாதையை, நேச்சர் இதழில் வெளியான கட்டுரைக்காக வரைந்து கொடுத்தவர் 75 வயதான பிராக்.

லைசோசைமில் உள்ள பிளவில் ஆறு சர்க்கரை அலகுகள் பொருந்துவதாகப் பாடநூல்கள் காட்டின. அவற்றில் மூன்று மட்டுமே படிகத்தில் நேரடியாகக் காணப்பட்டவை. மற்ற மூன்றும் மாதிரி அமைத்து ஊகிக்கப்பட்டவை. படத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. நொதி செயல்படும்போது சர்க்கரைத் துண்டு அதனுடன் பிணையாமலே இருக்கும் என்று பிலிப்ஸ் முன்வைத்த விளக்கமும் பல பத்தாண்டுகள் பாடமாக நீடித்தது. அத்துண்டு நொதியுடன் தற்காலிகமாகப் பிணைகிறது என்பதை 2001-ல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. 1965-ம் ஆண்டின் கட்டமைப்பு நிலைத்தது. செயல்பாடு பற்றிய விளக்கம் திருத்தப்பட்டது.

பிராக் 1971-ல் காலமானார். அவர் பிறந்த நாட்டின் மெல்பேர்ன் நகரில், அவரது விதியின் வழியே மற்றொரு நொதியின் உருவம் 1983-ல் வெளிப்பட்டது. அது இன்புளுவென்சா வைரஸின் நியூராமினிடேஸ். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அமைப்பின் பீட்டர் கோல்மன், ஜோஸ் வர்கீஸ் ஆகியோர், கான்பராவின் கிரேம் லேவருடன் இணைந்து அதைக் கண்டறிந்தனர். அந்நொதியின் குழியில் பொருந்துமாறு வடிவமைக்கப்பட்ட மருந்தே, 1999-ல் பயன்பாட்டுக்கு வந்த ரெலென்சா.

குழியின் வடிவம் பிழையாக வரையப்பட்டிருந்தால், அதற்கென வடிவமைக்கப்படும் மருந்தும் பொருந்தாது போயிருக்கும். நொதியின் படத்தில் அளந்து அறிந்தது எது, ஊகித்தது எது என்பதைப் பிரித்துக் காட்டுவது, பாடநூல் எழுதுவோருக்கும் மருந்து வடிவமைப்போருக்கும் பொதுவான கடமையாகும்.