ஸ்யாத்வாதம் போற்றிய கணக்கறிஞர்

சேர்வராயன் மலையில் காப்பிச் செடி பூப்பதற்குக் கோடை மழை வேண்டும். நாளை மழை உண்டா என்று கரடியூரில் வினவினால், உண்டு என்று உறுதி கூறவும் இயலாது. இல்லை என்று மறுக்கவும் இயலாது. உறுதியற்ற ஒன்றை அளந்து கூறும் கணக்கே நிகழ்தகவு. அதற்கும் நம் ஸ்யாத்வாதத்திற்கும் உள்ள உறவை எடுத்துரைத்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவார்.

1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பத்தில் தோன்றிய இவர், கேம்பிரிட்ஜில் பயின்றபோது நம் கணித மேதை இராமானுஜனுடன் நட்புக் கொண்டார். தாயகம் திரும்புகையில் வாங்கி வந்த புள்ளியியல் இதழ்கள், இயற்பியல் ஆசிரியரான இவரது வாழ்வையே திசை மாற்றின.

1926இல் ஒரிசாவின் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. படுகை மேடிட்டதே காரணம், கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர் கருதினர். ஏறத்தாழ 60 ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்த இவரோ, படுகை உயரவில்லை என நிறுவினார். 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கவும் காரணரானார்.

1954இல் வெளியிட்ட கட்டுரையில், சப்தபங்கியைக் காசு சுண்டுதலோடு பொருத்திக் காட்டினார். விழுந்த காசில் தலை உண்டு, அல்லது இல்லை. சுண்டுமுன்னரோ அது அவக்தவ்யம், இரண்டிற்கும் இடமுண்டு. இந்த நான்காம் கூற்றிலேயே நிகழ்தகவுக் கருத்தின் அடித்தளத்தை அவர் கண்டார். ஒருமுறை சுண்டினால் பூவா தலையா என்று சொல்லொணாது. பல்லாயிரம் முறை சுண்டினால் ஏறத்தாழப் பாதி தலையாகவே விழும். அந்தப் பாதியே தலைக்குரிய நிகழ்தகவு.

இதனால், அக்கணக்கையே நம் முன்னோர் இயற்றினர் எனப் பெருமை பேசலாகாது. அது 1654இல் பாஸ்கல், ஃபெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞரிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்தில் உருப்பெற்றது. மிகைப்படுத்துவதும் ஏகாந்தமே. ஆயினும், ஸ்யாத் என்பது ஐயத்தின் தடுமாற்றம் என்று இகழ்வோர்க்கு இவர் கட்டுரை தக்க விடையாகும். அறிந்த அளவையும் அறியாத எல்லையையும் பிரித்துரைப்பது தடுமாற்றமன்று, நேர்மையாகும்.

1972 ஜூன் 28 அன்று மகலனோபிஸ் மறைந்தார். அவர் பிறந்த நாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நம் இல்லத்துச் சிறார் கையில் ஒரு காசைக் கொடுத்து, நூறு முறை சுண்டி எண்ணச் செய்வோமாக. கணக்கும் விளங்கும், அநேகாந்தமும் விளங்கும்.