நேதாஜி: வாழ்வும் வழக்கும்

1897 சனவரி 23ஆம் நாள் கட்டாக் நகரில் பிறந்தவர் சுபாஷ் சந்திர போஸ். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்ற காலத்தில், இந்திய மாணவரை அவமதித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் ஓட்டன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1916-இல் தாக்கப்பட்டார். அதன் காரணமாகச் சுபாஷ் கல்லூரியினின்று நீக்கப்பட்டார். பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் பட்டம் பெற்று, இங்கிலாந்து சென்று, ஐ.சி.எஸ். தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அந்நிய ஆட்சிக்கு ஊழியம் புரிய மனம் ஒப்பாமல் 1921-இல் அப்பதவியைத் துறந்தார்.

சிறைகள் பல கண்ட அவர், 1930-இல் கல்கத்தா மேயரானார். 1938-இல் காங்கிரசின் தலைவரானார். மறு ஆண்டு, காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவைத் தேர்தலில் வென்றார். ஆயினும் மூத்த தலைவர்களின் ஒத்துழைப்புக் கிட்டாமையால் பதவி விலகிப் பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் அதனை வளர்த்தவர் முத்துராமலிங்கத் தேவர்.

1941 சனவரியில், காவல் சூழ்ந்த எல்ஜின் சாலை வீட்டிலிருந்து இரவோடிரவாக மறைந்தார். அண்ணன் மகன் சிசிர் ஓட்டிய அந்தக் கார் இன்றும் அவ்வீட்டில் காட்சிக்கு இருக்கிறது. காபூல் வழியாகப் பெர்லின் அடைந்து, நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்து, 1943-இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் திரளாக வந்து அப்படையில் சேர்ந்தனர். தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். 1944-இல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது.

இட்லரோடும் ஜப்பானோடும் அவர் கைகோத்தது சரியா? பெயரளவில் அவரது அரசுக்குத் தரப்பட்ட அந்தமானிலேயே ஜப்பானியர் இந்தியரைச் சித்திரவதை செய்தனர். இதனை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது முறையன்று. இதை மட்டும் கூறி அவர் தியாகத்தைத் தள்ளுவதும் முறையன்று.

1945 ஆகஸ்டு 18-இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. பலர் நம்பவில்லை, தேவரும் நம்பவில்லை. 1956-இல் ஷா நவாஸ் கான் குழுவும், 1974-இல் கோஸ்லா ஆணையமும் விபத்தை உறுதி செய்தன. 2005-இல் முகர்ஜி ஆணையம் அதனை மறுத்தது. மத்திய அரசு அம்முடிவை ஏற்கவில்லை.

இதற்கிடையே கோப்புகள் பூட்டிக் கிடந்தன. 2015-இல் மேற்கு வங்க அரசு 64 கோப்புகளை வெளியிட்டது. மறு ஆண்டு மத்திய அரசும் வெளியிடத் தொடங்கியது. விடுதலை பெற்ற நாட்டின் உளவுத்துறை போஸ் குடும்பத்தைச் சுமார் இருபது ஆண்டுகள் வேவு பார்த்த செய்தி அப்போதுதான் நாடறிந்தது. உண்மையைப் பூட்டி வைத்தால் வதந்தி வளரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

போர்க்காலத்தில் அவரை ஜப்பானின் கைப்பாவை என இகழ்ந்த கம்யூனிஸ்டுகள், பின்னாளில் அவரது கட்சியையும் சேர்த்துக்கொண்டே 34 ஆண்டுகள் வங்கத்தை ஆண்டனர். இன்று அவர் பிறந்த நாளை மத்திய அரசு ஒரு பெயராலும், மாநில அரசு வேறொரு பெயராலும் கொண்டாடுகின்றன. அவரை உரிமை கொண்டாடாத கட்சி இல்லை.

மூன்று விசாரணைகள் ஒருவரின் முடிவைத் தேடின. அவரை நம்பிப் படையிற் சேர்ந்த தோட்டத் தொழிலாளருள் பலருடைய பெயரைக்கூட நாம் அறியோம். நேதாஜி எப்படி இறந்தார் என்று வழக்காடுவதை ஒருபுறம் வைத்து, அவரும் அவர் பின் சென்ற தமிழரும் எதற்காக வாழ்ந்தனர் என்று ஆராய்வதே, அவர் வாழ்ந்த நகரில் கல்வி பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்குத் தகுந்த பணியாகும்.