பற்றுக்கோடு தேடும் உயிரணு: ராஸ் ஹாரிசன்

உயிரணுவை உடலினின்று பிரித்தெடுத்து, அது வளர்வதையும் நகர்வதையும் கண்ணாரக் காண வழிவகுத்த பெருமகனார் ராஸ் கிரான்வில் ஹாரிசன். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சார்ந்த ஜெர்மன்டவுனில் 1870ஆம் ஆண்டு பிறந்த இவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும், ஜெர்மனியின் பான் நகரில் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

நரம்பிழை எவ்வாறு உருவாகிறது என்பது பற்றி அந்நாளில் அறிஞரிடையே கடும் பூசல் நிலவியது. ஓர் உயிரணுவினின்றே இழை நீண்டு வளர்கிறது என்பது ஸ்பெயின் அறிஞர் ரமோன் இ கஹாலின் கொள்கை. உயிரணுக்களுக்கிடையே முன்பே அமைந்த பாலங்களே நரம்பாகின்றன என்பது ஹென்சனின் கொள்கை. இரு சாராரும் காட்டிய சான்றுகள் சாயமேற்றிய இறந்த திசுக்களே. இறந்ததை எத்துணை நுணுகி நோக்கினும் இயக்கம் புலப்படுமா?

உயிருள்ளதையே நோக்குவது என ஹாரிசன் துணிந்தார். தவளைக் கருவில் நரம்பிழைகள் தோன்றுமுன்னரே நரம்புக் குழாயின் சிறு துணுக்கை எடுத்து, வளர்ந்த தவளையின் நிணநீர்த் துளியில் இட்டார். நிணநீர் உறைந்ததும் கண்ணாடி வில்லையைக் கவிழ்த்து, குழியுடைய தகட்டின்மேல் பொருத்தி, ஓரங்களை மெழுகால் அடைத்தார். உயிரணுவினின்று இழை நீண்டது; அதன் நுனி அமீபாவைப் போல் விரல்களை நீட்டியும் சுருக்கியும் ஊர்ந்தது. 1907இல் வெளியான இம்முடிவு கஹாலின் பக்கமே நின்றது.

மற்றொருவராயின் இவ்வெற்றியோடு அமைந்திருப்பர். உறைந்த நிணநீரில் ஊரும் உயிரணு வெறும் நீர்மத்தில் ஏன் ஊர்வதில்லை என்று ஹாரிசன் வினவினார். உறைந்த நிணநீரில் நுண்ணிய இழைகள் உண்டு. அவையே பற்றுக்கோடு ஆகின்றனவோ? இதனை ஆய அவர் தேர்ந்த கருவி, நாம் ஒட்டடை என்று துடைத்தெறியும் சிலந்தி நூல்! நீர்மத்துள் அந்நூலை விரித்து வைத்தார். நூலைப் பற்றிய உயிரணுக்கள் அதன் வழியே நீண்டு நகர்ந்தன. கண்ணாடியைப் பற்றியவை தட்டையாகப் பரவின. எதனையும் பற்றாது மிதந்தவை உருண்டையாகவே கிடந்தன. திண்ணிய பரப்பொன்றைப் பற்றினாலன்றி உயிரணு இடம்பெயராது என்பதை 1914இல் விரிவாக எழுதினார். அப்பற்றுதலை நிகழ்த்தும் புரதங்களுக்கு இன்டெக்ரின் என்னும் பெயர் அமைந்ததோ 1986இல்தான்.

1917இல் நோபல் குழு ஹாரிசனைப் பரிந்துரைத்தது. போர் நடந்த அவ்வாண்டில் மருத்துவப் பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. பின்னரும் அவருக்கு அது கிட்டவில்லை. இதனைப் பெருங்குறை என்றே கூறவேண்டும். அவரோ சாலமாண்டர் கருக்களில் கால்கள் முளைக்கும் விதத்தை ஆராயத் திரும்பியிருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 1959இல் நியூ ஹேவன் நகரில் மறைந்தார்.