ஜி.எம்.கே.எம்.சி.யில் இருக்கும் மோகன் யார்?

நீங்க சேலம், நாமக்கல் பக்கத்து ஆள்னா ஜி.எம்.கே.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையாவது போயிருப்பீங்க. அதுல வர முதல் 'எம்' யாருன்னு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சதில்ல. மூணாவது வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு சேலம் ஸ்டீல் பிளான்ட் போனப்போ, அங்க இருக்கிற குடியிருப்புக்கும் மோகன் நகர்னு பேர் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன்.

அவர் மோகன் குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கத்துல இருக்கிற குமாரமங்கலம் ஜமீன் குடும்பம். அப்பா சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அம்மா ராதாபாய், 1930ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். அண்ணன் பிற்காலத்தில் ராணுவத் தளபதி. மோகன் பிறந்தது 1916ல், லண்டனில். படிச்சது ஈட்டன், அப்புறம் கேம்பிரிட்ஜ். அங்க மாணவர் விவாத மன்றத்துக்கே தலைவரா இருந்தார்.

இப்படிப்பட்ட பையன் ஊர் திரும்பி என்ன ஆகியிருப்பார்னு நினைக்கிறீங்க? கம்யூனிஸ்ட் ஆனார்! ஜமீன் வீட்டுப் பிள்ளை ஆங்கிலேய அரசின் சதி வழக்கில் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்து வக்கீல் தொழில். 1966ல் சென்னை அரசின் அட்வகேட் ஜெனரல். கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு காங்கிரஸுக்கு வந்தார்.

அந்த நேரத்துல நம்ம ஊர்ல ஒரே பேச்சு இரும்பாலைதான். கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கு, நெய்வேலியில் நிலக்கரி இருக்கு, அப்புறம் ஏன் ஆலை இல்லைன்னு எல்லாரும் கேட்டாங்க. இப்ப மாதிரி கருத்துக் கேட்புக் கூட்டம் எதுவும் அப்ப கிடையாது. மக்களோட கருத்து டெல்லிக்குப் போகணும்னா தெருவுக்குத்தான் வரணும். பக்கத்து ஆந்திராவில் 1966ல் விசாகப்பட்டினம் ஆலைக்காக நடந்த போராட்டத்தில் உயிர்களே போச்சு. இங்க அண்ணா முதலமைச்சரானதும் 1967 ஜூலை 23ஐ எழுச்சி நாளா அறிவிச்சார். சேலம் இரும்பாலையும் சேது சமுத்திரத் திட்டமும் வேணும்னு மாநிலம் முழுக்க ஊர்வலம், கூட்டம். 1970ல் டெல்லி சம்மதிச்சது. செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அதைப் பார்க்க அண்ணா உயிரோட இல்லை.

அடுத்த வருஷம் மோகன் புதுச்சேரியில் ஜெயிச்சு மத்திய எஃகு, சுரங்க அமைச்சர் ஆனார். சொந்த ஊர்க்காரங்க கேட்ட ஆலை, இப்ப அவரோட ஃபைல். 1972ல் சேலம் ஸ்டீல் லிமிடெட் பதிவாச்சு. 1973 ஜனவரியில் செயில் நிறுவனம் உருவானது. அதே மாசக் கடைசியில் ஒரு அவசரச் சட்டம் வந்து, தனியார் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசின் கைக்குப் போச்சு. வேகமான மனுஷன். விவாத மன்றத்தில் வளர்ந்தவர், அமைச்சரானதும் விவாதத்துக்காகக் காத்திருக்கல.

1973 மே 31. சென்னையில் இருந்து டெல்லி போன விமானம் பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அதில் இருந்த 65 பேரில் 48 பேர் இறந்தாங்க. அவரும் அதில் ஒருவர். வயசு 56.

அதுக்கப்புறம் திட்டம் சுருங்கிருச்சு. 1981ல் ஓட ஆரம்பிச்சது தாதுவை உருக்குற ஆலை இல்லை, வருஷத்துக்கு 32,000 டன் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் தகடு உருட்டுற மில். தகட்டுக்கான எஃகு வெளியே இருந்து வந்தது. சொந்தமா எஃகு உருக்க 2010 வரை காத்திருக்க வேண்டியதாச்சு. கஞ்சமலைத் தாது இன்னும் மலையிலேயேதான் இருக்கு.

நல்ல ஆலைதான், நான் குறை சொல்லல. உங்க பாக்கெட்ல இருக்கிற நாணயத்தோட தகடுகூட அங்க வெட்டினதா இருக்கலாம். ஆனா ஒரு விஷயம் உறுத்துது. ஆலை வேணும்னு கேட்க மாநிலமே தெருவுக்கு வந்துச்சு. திட்டம் சுருங்குறப்போ ஊர்க்காரங்களை யார் கேட்டாங்க? நிலம் கொடுத்தவங்களுக்கு அப்ப இருந்தது 1894ம் வருஷத்துச் சட்டம். நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

இப்ப 2013 சட்டம் இருக்கு. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு, பொது விசாரணை எல்லாம் அதுல இருக்கு. விதிவிலக்குகளும் இருக்கு. ஆனா அந்தக் கூட்டங்களுக்கு நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்க எத்தனை பேர் போறோம்? எத்தனை டன், தண்ணி எங்கிருந்து வரும், பணம் பாதியில் நின்னா என்ன ஆகும்னு கேட்கத் தெரிஞ்சவங்க நாமதானே?

அடுத்த தடவை உங்க தாலுகா ஆபீஸ் சுவத்துல அப்படி ஒரு நோட்டீஸ் பார்த்தா, போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டு நிறுத்தாதீங்க. தேதியைக் குறிச்சு வெச்சு, நேர்ல போங்க.